வலைப்பந்தாட்டமும் என் வளர்ப்பு வீடும்

எங்கள் பாடசாலையில் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. 2000ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பின் நடுவிலேயே போனவள் நான். ஏப்ரலில் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்து, மே மாதம் சண்டை யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்கு வந்துவிட்டது. அம்மா நகைகளை விற்று என்னை லண்டனுக்கு அனுப்பினார். அதனால் பரிசளிப்பு விழா, பிரியாவிடை என்று எழுத என்னிடம் அதிகம் இல்லை. லண்டனில் ஃபொஸ்டர் கெயாரில், அதாவது கவுன்சில் ஒப்படைத்த ஒரு வளர்ப்பு வீட்டில், வளர்ந்த காலத்தைத்தான் எழுதுகிறேன். எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் யாரும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைக்கவேண்டும்.

என்னைப் பொறுப்பெடுப்பதாக இருந்த உறவினரால் கடைசியில் அது முடியாமல் போயிற்று. தாய் தகப்பன் இல்லாமல் வந்து சேரும், பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி உள்ளூர்க் கவுன்சில்தான் பொறுப்பு. கவுன்சில் என்னைத் தென் லண்டனில், ஜமேக்காவில் பிறந்த ஒரு அம்மாவின் வீட்டில் விட்டது. அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு அவரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சோறு சமைப்பார். அந்த மணத்துக்கே எனக்குப் பசி வரும்.

புதுப் பாடசாலையில் “வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டால், “அன்ரி” என்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவுன்சிலின் மீளாய்வுக் கூட்டம் நடக்கும். சமூகப் பணியாளர் வந்திருக்கிறார் என்று வகுப்பின் நடுவில் கூப்பிடுவார்கள். எல்லாத் தலையும் திரும்பும். கவுன்சிலின் கோப்பில் நான் துணையின்றி வந்த ஒரு சிறுமி, அவ்வளவுதான்.

அப்புறம் வலைப்பந்தாட்டம் (நெற்போல்) வந்தது. எங்கள் மைதானத்தில் நான் கோல் ஷூட்டராக, வளையத்தில் பந்தைப் போடுபவளாக, விளையாடியது என் வகுப்புத் தோழிகளுக்கு நினைவிருக்கும். லண்டனிலும் அதே பத்தடி உயர வளையம், பின்னால் பலகை கிடையாது, பந்தைக் கையில் வைத்திருக்க அதே மூன்று விநாடி. என் ஆங்கிலம் தடுமாறிய காலத்தில் அங்கே மட்டும் யாரும் எனக்கு எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. கோல் அட்டாக் விளையாடிய பிள்ளையின் பெற்றோர் பங்களாதேஷில் இருந்து வந்தவர்கள். எனக்குப் பந்து தந்து தந்தே அவள் என் சிநேகிதி ஆனாள்.

அவளுடைய பதினாறாவது பிறந்தநாளுக்கு இரவு தங்க வரச்சொன்னாள். ஃபொஸ்டர் பிள்ளை ஒரு வீட்டில் தங்குவதென்றால் அந்த வீட்டுப் பெரியவர்களைப் பொலிஸ் பதிவில் பார்த்த பிறகுதான் அனுமதி என்பது அப்போதைய நடைமுறை. எப்படிச் சொல்வது? ஒரு சிநேகிதியிடம் “உன் அப்பாவைப் பொலிஸ் விசாரிக்கவேண்டும்” என்று சொல்வது பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை. என் கதை முழுவதையும் அன்றுதான் முதல்முறை சொன்னேன். அவளுடைய அம்மா ஒன்றுமே கேட்காமல் படிவத்தை நிரப்பித் தந்தார். அனுமதி வருமுன் பிறந்தநாள் போய்விட்டது. கேக்கை இன்னொரு சனிக்கிழமை வெட்டினோம். 2004இல் அரசாங்கம் புது வழிகாட்டலை வெளியிட்டது. இப்படியான சோதனை வழக்கமாகத் தேவையில்லை, வளர்ப்புப் பெற்றோரே சாதாரண பெற்றோரைப் போல முடிவெடுக்கலாம் என்றது. எத்தனை பிள்ளைகள் அதற்குமுன் அழைப்புகளை மறுத்துவிட்டு வீட்டில் இருந்திருப்பார்கள்!

ஊரில் இருந்து என் வாங்குத் தோழி கடிதம் எழுதுவாள். எந்த இல்லம் விளையாட்டுப் போட்டியில் வென்றது, எந்த ரீச்சருக்குக் கல்யாணம், “உன்ர இடத்தில இப்ப விளையாடுறவளுக்கு உன்னை மாதிரி எறியத் தெரியாதடி” என்றெல்லாம் இருக்கும். பதினைந்து வயதுக்கு முன் நான் யாராக இருந்தேன் என்று லண்டனில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் எனக்கே அது மங்கிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்ரிக்கும் வலைப்பந்தாட்டம் உயிர். 2003 உலகக் கிண்ணம் கிங்ஸ்டனில் நடந்து, ஜமேக்கா மூன்றாமிடம் வந்தபோது தொலைபேசியில் கத்திக்கொண்டே அழுதார். 2019இல் லிவர்பூலில் நடந்தபோது இருவரும் சேர்ந்து போனோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் இலங்கைக்காக 348 கோல் போட்டு, அந்தத் தொடரிலேயே அதிக கோல் போட்டவரானார். “உங்கட ஊர்ப்பிள்ளையா?” என்று பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கும்படி அன்ரி ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்று நானும் சத்தமாகவே சொன்னேன்.

இப்போது நானும் என் கணவரும் ஃபொஸ்டர் பிள்ளைகளைப் பராமரிக்கிறோம். எங்கள் சங்கத்தில் பிள்ளைகள் வளர்ந்து போய், அறை வெறுமையாக இருக்கும் வீடுகள் பல உண்டு. தமிழ் கதைக்கும் வளர்ப்புக் குடும்பங்கள் போதாது. பொதுவாக இருபத்தொரு வயது தாண்டியிருக்கவேண்டும், பிள்ளைக்கென ஒரு அறை வேண்டும். சொந்த வீடு வேண்டுமென்றில்லை, தனியாக வாழ்பவரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீடு முடிய சில மாதங்கள் எடுக்கும். வீட்டுக்கு வந்து நிறையக் கேட்பார்கள், பயிற்சியும் தருவார்கள். யோசிப்பவர்கள் அடுத்த ஒன்றுகூடலில் என்னோடு கதையுங்கள், படிவங்களைக் கொண்டுவருகிறேன்.