பாதை அறுபடும் இடம்

சிங்கப்பூரின் மேற்கில் புதிதாக எழும் தெங்கா நகருக்குக் குடிவந்ததிலிருந்து, யாராவது நடைபாதையைப் பற்றிப் பேச்செடுத்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எத்தனை கிலோமீட்டர் வரப்போகிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு வேறு கவலை. அந்தப் பாதை ஒரு பெரிய சாலையில் போய் முட்டும்போது நடக்கிறவர் என்ன செய்வார்?

அம்மாவால் வந்த கவலை இது. பக்கத்து ஊரான புக்கிட் பாத்தோக்கில் இருந்தவரை தினமும் காலையில் லிட்டில் குவேலினுக்குப் போய்விடுவார். பழைய கல்குவாரியில் தண்ணீர் தேங்கிக் குளமான இடம் அது. அங்கே அவருக்கு ஒரு கூட்டம் உண்டு, சில தமிழ் அக்காக்களும் ஒரு மலாய் மக்சிக்கும் (அத்தை). வீடு மாறிய பிறகும் நடக்கிற தூரம்தான். ஆனால் நடுவில் அகலமான சாலை. பச்சை விழுந்ததும் அம்மா உடனே இறங்க மாட்டார். கைத்தடியை முதலில் தார்ச்சாலையில் ஊன்றி, திரும்பக் காத்திருக்கும் வண்டிகளை ஒரு பார்வை பார்த்து, அப்புறம்தான் கால் வைப்பார். அதற்குள் சிக்னலில் விநாடி எண்கள் குறைய ஆரம்பித்துவிடும். நடுத்திட்டில் வெயிலில் நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருப்பார். இப்போதெல்லாம், "வேண்டாம் தம்பி, கீழேயே உட்கார்ந்துக்கிறேன்" என்று புளோக்கின் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுகிறார்.

சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதைகள் 1990களில் வரத் தொடங்கின. பராமரிப்புக்காகக் கால்வாய் ஓரமாக விட்டுவைத்த நிலத்தை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிட்டார்கள். நிலம் இவ்வளவு குறைவான ஊரில் அருமையான யோசனை. ஆனால் கால்வாய் சாலைக்கு அடியில் புகுந்து போய்விடும், மனிதர் மேலே நின்றுவிடுவார். காலாங் ஆற்றோரம் பீஷானிலிருந்து நகரம் வரை நடந்தவர்களுக்கு இது தெரியும். அங்கே சாலைகள் குறுக்கிடும் இடங்களைச் சுரங்கப்பாதையும் பாலமும் கட்டிச் சரிசெய்யலாம் என்று நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் யோசனைகளை முன்வைத்தது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பழைய மலாயா ரயில் பாதையைப் பாருங்கள். 2011 ஜூலையில் ரயில் நின்றது, 24 கிலோமீட்டர் தடம் மக்களுக்குக் கிடைத்தது. ரயில் மால் கடைத்தொகுதிப் பக்கத்தில் அந்த இரும்புப் பாலத்தின் மேல் நின்றால், கீழே அப்பர் புக்கிட் தீமா சாலையில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும். மேலே யாருக்கும் அவசரமில்லை. ரயிலுக்காகக் கட்டிய பாலம் இன்று தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுபோகும் தாய்க்கு உதவுகிறது.

தெங்கா சுமார் 700 ஹெக்டர், 42,000 வீடுகள் வரப்போகும் ஊர். நகர மையத்தில் வாகனங்கள் தரைக்கு அடியில் போகும், மேலே மக்கள் நடப்பார்கள் என்பது திட்டம். 100 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு வனப் பாதையும் உண்டு, விலங்குகள் மேற்கிலிருந்து தீவின் நடுவிலுள்ள காட்டுப் பக்கம் போய்வர. இவை இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஊரின் விளிம்புதான் உறுத்துகிறது. பக்கத்து ஊருக்குப் போகிறவர் அங்கேதான் தவிக்கிறார். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே அழுங்கு (எறும்புத்தின்னி) போன்ற விலங்குகள் கடந்து போவதற்காக 2013இல் 62 மீட்டர் நீளப் பாலம் திறந்த நாடு இது. முடியாத காரியம் இல்லை.

2030க்குள் எல்லா வீடுகளும் ஒரு பூங்காவிலிருந்து 10 நிமிட நடையில் இருக்க வேண்டும் என்பது தேசிய இலக்கு. நல்ல இலக்கு. அந்த 10 நிமிடத்தை அம்மாவின் நடையில் அளந்தால் வரைபடமே மாறும் என்று நினைக்கிறேன்.

எல்லா இடத்திலும் பாலம் கட்ட முடியாது, சரி. சிக்னல் கம்பத்தில் முதியோர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும் வசதி 2009 முதல் இருக்கிறதே, அதை நடைபாதை சாலையைச் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் வைக்கலாம். நடுத்திட்டை அகலமாக்கி, ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்கு இடம் விடலாம். மரம் வளரும்வரை சின்னக் கூரை போதும். கடந்து வந்ததும் உட்கார ஒரு பெஞ்சு, கைப்பிடி வைத்தது. கைப்பிடி இல்லாத பெஞ்சில் அம்மா உட்காரவே மாட்டார், எழ முடியாதென்று.

குடியிருப்பாளர்களிடம் அடுத்து எப்போது கருத்துக் கேட்டாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பெஞ்சு எங்கே வேண்டும் என்று அவரே வரைபடத்தில் காட்டட்டும்.