கேரளா பர்மிட் இல்லாத கேப்

2017 ஆகஸ்ட்டில் எங்கள் கோயம்புத்தூர் ஆபீஸ் கேன்டீனில் ஒரு வாரம் முழுக்க ஒரே பேச்சு. கூகுளில் வேலை பார்த்த ஜேம்ஸ் டாமோர் என்ற பொறியாளர் பத்துப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி, அது வெளியே கசிந்துவிட்டது. தொழில்நுட்ப வேலையில் பெண்கள் குறைவாக இருப்பதற்குப் பாகுபாடு மட்டும் காரணமில்லை. சராசரியாகப் பார்த்தால் பெண்களுக்கு மனிதர்கள் மேலும் ஆண்களுக்குப் பொருட்கள் மேலும் நாட்டம் அதிகம், அதில் உயிரியலுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். கூகுள் தலைவர் சுந்தர் பிச்சை குடும்பத்தோடு அப்போதுதான் தொடங்கியிருந்த விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். டாமோருக்கு வேலை போனது.

நான் கேன்டீனில் டாமோரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். 1940களில் எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினிக்கு முதலில் நிரல் எழுதிய ஆறு பேரும் பெண்கள்தானே என்றேன். அமெரிக்காவில் 1984 வாக்கில் கணினிப் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பெண்கள், பிறகு அது பாதியாகக் குறைந்தது, அந்த இடைவெளியில் உயிரியலா மாறிவிட்டது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் எங்கள் டீம் பெண் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். இருவருக்கும் ஊர் ஒன்றுதான், கொழிஞ்சாம்பாறை. கேரளாவுக்குள் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான், பிழைப்பும் கோயம்புத்தூரில்தான். பார்டரில் இருக்கும் வேலந்தாவளம் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நீங்க பேசுனதெல்லாம் நல்லாத்தானுங்ண்ணா இருந்துச்சு. ரிலீஸ் லிஸ்ட்ல மட்டும் என் பேர் வர்றதே இல்லைங்களே."

எங்கள் கிளையண்ட் அமெரிக்காவில் ஒரு வங்கி. மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் விடியற்காலை நாலு வரை ரிலீஸ், அதாவது மாற்றிய மென்பொருளை அவர்கள் சிஸ்டத்தில் ஏற்றும் வேலை. வேலை என்னவோ முக்கால்வாசி காத்திருப்புதான். ஆனால் அந்த நேரம் போன் காலில் இருப்பவன் குரல்தான் கிளையண்ட்டுக்குத் தெரியும். திங்கட்கிழமை வரும் பாராட்டு மெயிலில் அவன் பேர்தான் இருக்கும், அப்ரைசலில் அந்த மெயில்தான் பேசும். என் டீமில் பன்னிரண்டு பேர், அதில் ஐந்து பெண்கள். இரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணைக்கூட நான் ராத்திரி ரிலீஸில் போட்டதில்லை. யாரும் போடக்கூடாது என்று சொல்லவில்லை. பாவம், எதுக்கு சிரமம் என்று நானாக விட்டதுதான். டெஸ்டிங்கை அவர்களிடம் கொடுத்தேன், பொறுமையாகப் பார்ப்பார்களாம்.

டாமோர்கூட சராசரியை வைத்து ஒரு தனி ஆளை எடைபோட முடியாது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருந்தார். அவரைத் திட்டிய நான் இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த மாதமே லிஸ்ட்டில் அவர் பேரைப் போட்டேன். அப்புறம்தான் கேப், அதாவது ஆபீஸ் கார், பிரச்சினை தெரிந்தது. ராத்திரி வேலை பார்க்கும் பெண்களைக் கம்பெனிதான் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கேப்புக்கோ கேரளா பர்மிட் கிடையாது. டிரான்ஸ்போர்ட்டில் கேட்டால் "பார்டர் தாண்டாது சார்" என்றார்கள். பையன்களுக்கு பைக் இருந்தது. மேனேஜரிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார். லிஸ்ட்டிலிருந்து பேரை எடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. வாளையார் பார்டரில் பாஸ் இல்லாமல் ஆள் நகர முடியாத நிலை. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை. அந்த ஏப்ரல் ரிலீஸை அவர்தான் நடத்தினார். நாலரை மணிக்கு "முடிஞ்சுதுங்ண்ணா" என்றபோது பின்னால் அவர் அம்மா மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஆறு மாதம் அவரேதான் பார்த்தார். கிளையண்ட் மெயிலில் பேர் வந்தது, அடுத்த அப்ரைசலில் லீட் ஆனார்.

சராசரி நாட்டத்தைப் பற்றி டாமோர் சொன்னது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அந்தச் சண்டை முடியும் வரை ஒரு பர்மிட்டை எடுக்காமல் இருக்க என்ன காரணம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

2022இல் திரும்ப ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அவர் முதலில் கேட்டது: "கேப் இப்ப எங்க ஊர் வரைக்கும் வருங்களா?"

டிரான்ஸ்போர்ட்டுக்கு போன் போட்டேன்.

"வேலந்தாவளம் வரைக்கும் வரும் சார்."