மேசைமேல் ஒரு காவி ஊர்: ருஸியோன் மாதிரி, இதுவரை

பிரான்ஸின் தெற்கே வோக்லூஸ் மாவட்டத்தில் ருஸியோன் என்றொரு குன்றூர். வடக்கே வோக்லூஸ் மலைகள், தெற்கே லுபேரோன் மலை, நடுவில் இது. மக்கள்தொகை சுமார் 1,300. வீட்டுச் சுவர், தெரு மண், ஊரை ஒட்டிய செங்குத்துப் பாறை என எதைப் பார்த்தாலும் காவி நிறம்தான். இந்த ஊரை 1:500 அளவில் மாதிரியாகச் செய்துகொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் வந்துவிட்டது.

முதலில் குன்று. பிரான்ஸின் அரசு நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன், தன் தரவுகளில் பெரும்பகுதியை 2021 முதல் இலவசமாகவே தருகிறது. அதிலிருந்து ஐந்து மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு எடுத்து, ஒரு சென்டிமீட்டர் தெர்மாகோலில் வெட்டி அடுக்கினேன். இந்த அளவுக்குக் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. வீடுகள் இருக்கும் பக்கம் வெட்டுவது சுலபம். கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போனதும் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கண்டபடி வளைகின்றன. ஏனென்றால் அது பழைய குவாரி. சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நடக்கும் காவிப் பாதை அதற்குள்தான் போகிறது. மழையும் காற்றும் பிற்பாடு செதுக்கியவை நிறைய இருக்கலாம், ஆனால் முதல் வெட்டு மனிதன் போட்டது. இயற்கை அதிசயம் என்று படம் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

மண்ணின் கதை இன்னும் பழையது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல். அடியில் படிந்தது பச்சை நிற மணல். கடல் விலகிய பிறகு, வெப்பமும் மழையும் மிகுந்த காலநிலையில் அந்த மணலில் இருந்த பச்சைக் கனிமம் சிதைந்து வெள்ளைக் களிமண்ணும் இரும்பு ஆக்சைடுமாக மாறியது. கோயதைட் என்ற இரும்புக் கனிமம் இருக்கும் இடம் மஞ்சள், ஹெமடைட் என்ற இன்னொன்று இருக்கும் இடம் சிவப்பு. வெட்டி எடுக்கிற மண்ணில் பெரும்பகுதி வெறும் மணல்தான். நிறம் அதில் கொஞ்சம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ழான்-எத்தியன் அஸ்தியே என்ற உள்ளூர்க்காரர் இந்த மண்ணைக் கழுவி வண்ணப்பொடி எடுத்து விற்க ஆரம்பித்தார். அவர் வழியில் வந்த முறையை நானும் செய்து பார்த்தேன். பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிக் கொட்டியிருந்த செம்மண்ணை வாளியில் போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கினேன். கையை எடுத்ததும் மணல் அடியில் இறங்கிவிடுகிறது. நிறம் மட்டும் தண்ணீரிலேயே நிற்கிறது. அந்தத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க அசையாமல் வைத்து, தெளிந்த மேல்நீரை ட்யூபால் இறக்கினால், கீழே தோசை மாவுப் பதத்தில் வண்ணம். காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலித்தேன். ருஸியோனின் மத்தியூ ஆலையில் இதையே வாய்க்காலும் பெரிய தொட்டிகளுமாகச் செய்தார்கள். குளிர்காலத்தில் கழுவித் தொட்டி நிரப்புவது, வெயில் வந்ததும் காயவிட்டுக் கட்டிகளாக வெட்டுவது. ஊரின் வருஷமே அந்தத் தொட்டிகளைச் சுற்றித்தான் ஓடியிருக்கும் என்று தோன்றுகிறது.

மஞ்சளுக்கு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "தரைக்கா சார்?" என்று கேட்டு, ஒரு கிலோ மஞ்சள் ஆக்சைடு நிறுத்துக் கொடுத்தார் கடைக்காரர். வீட்டுச் சுவருக்கு என்றேன், வீட்டின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் என்று சொல்லவில்லை. வாங்கி வந்த பிறகுதான் உறைத்தது: ருஸியோனின் தொழிலைக் கவிழ்த்ததே இந்தச் செயற்கை ஆக்சைடுதான். 1929இன் பொருளாதார வீழ்ச்சியும் இதுவும் சேர்ந்துகொண்டன. மத்தியூ ஆலை 1963இல் மூடப்பட்டது, இப்போது அங்கே வண்ணங்கள் பற்றிய பயிற்சியும் கண்காட்சியும். பக்கத்து கர்காஸில் மட்டும் இன்னும் வெட்டுகிறார்கள்.

மஞ்சளை இரும்புத் தவாவில் வறுத்தால் சிவப்பாகும் என்று படித்திருந்தேன். ஆகிறது! ஓரத்திலிருந்து ஆரஞ்சு பரவி, சூட்டில் கிட்டத்தட்ட கருஞ்சிவப்பு வரைக்கும் போகிறது. ஆறினால் செங்கல் நிறத்துக்கு இறங்குகிறது. உள்ளே இருந்த நீர் போய், கோயதைட் ஹெமடைட் ஆகிவிடுகிறது. ஆலையிலும் சிவப்பை உலையில் இப்படித்தான் எடுத்தார்கள். இருந்தாலும் கடைப் பொடி ஒரே தட்டையாக, பெயின்ட் அடித்தாற்போல இருக்கிறது. கழுவியெடுத்த செம்மண் மங்கல்தான், ஆனால் சுண்ணாம்பில் கலந்து பூசினால் சுவர் சுவராகத் தெரிகிறது. அதனால் கடைப் பொடி கதவு ஜன்னலுக்கு மட்டும்.

வீடுகளில் முக்கால்வாசி முடிந்தது. கூரைக்கு அரைவட்ட ஓடு, நம்ம நாட்டு ஓட்டுக்கு அண்ணன் தம்பி. மிஸ்த்ரால் என்ற காற்று வடக்கிலிருந்து நாள்கணக்கில் அடிக்கும் நாடு என்பதால், இந்தப் பக்கத்து வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னல் குறைவு. எனக்கும் வேலை மிச்சம். வளைவுக்கு அடியில் புகுந்து போகும் ஆர்கேட் தெருதான் கையைக் கட்டிப்போட்டது, சாமணம் இல்லாமல் முடியாது. பழைய கோட்டை வாசலே இன்றைய மணிக்கூண்டு என்பதால், அதை மட்டும் கொஞ்சம் முரடாக விட்டேன்.

சிவப்புக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பிரபு தன் மனைவியின் காதலனைக் கொன்று, அவன் இதயத்தைச் சமைத்து அவளுக்கே பரிமாற, அவள் பாறையிலிருந்து குதித்த ரத்தமாம் இது. உண்மையில் இது பிரெனீஸ் மலைப்பக்கம் இருக்கும் வேறொரு ருஸியோனின் கதை. பெயர் ஒற்றுமையால் இங்கே குடியேறிவிட்டது.

நிஜமாகவே குடிவந்தவர்களில் இருவரைச் சொல்லலாம். ஜெர்மானியர் கையில் சிக்காமல் பாரிஸிலிருந்து தப்பிய எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட், 1942 முதல் 1945 வரை இங்கே ஒளிந்திருந்து தோட்ட வேலை செய்தார். 1950இல் லாரன்ஸ் வைலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் குடும்பத்தோடு வந்து ஒரு வருஷம் தங்கி, பள்ளிக்கூடம், காப்பிக் கடை, இரும்புக் குண்டு எறியும் விளையாட்டு என்று அன்றாட வாழ்க்கையை எழுதினார். எழுதியபோது ஊர்ப் பெயரை பெய்ரான் என்று மாற்றிவிட்டார்.

வியாழக்கிழமைச் சந்தையை வைக்க ஆசை. இந்த அளவில் ஒரு ஆள் மூன்றரை மில்லிமீட்டர், கடையின் துணிப் பந்தல் அதைவிடக் கொஞ்சம் பெரிது. பந்தல் மட்டும் போதும், ஆட்கள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்தது பைன் மரங்கள். தேங்காய் நாரைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் முக்கினால் காய்ந்ததும் பழுப்படிக்கிறது, வேறு சாயம் தேட வேண்டும்.