இன்றும் இரைகிறது

அக்டோபர் 15, செவ்வாய்
சனிக்கிழமை டயாலிசிஸுக்கு அப்புறம் அம்மாவின் எடை, உடம்பில் தேங்கிய தண்ணீரால், இரண்டு கிலோ எண்ணூறு ஏறியிருக்கிறது. நர்ஸ் மிஸ்ஸி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

இனி நான்கு மணி நேரம். இயந்திரம் சுற்ற ஆரம்பித்ததும் அம்மா தூங்கிவிட்டாள். போனில் சிங்கப்பூர் இயக்குநர் எரிக் கூவின் ‘12 ஸ்டோரீஸ்’ படத்தைப் போட்டேன். 1997இல் அது வந்தபோது, அப்பா லிட்டில் இந்தியா டெக்காவில் வாடகைக்கு எடுத்துவரும் ரஜினி கேசட்டைத் தவிர எங்கள் வீட்டில் வேறெதுவும் ஓடாது. படத்தில் ஒரே வீவக புளோக் (அரசு அடுக்குமாடி), மூன்று வீடு. இருபது நிமிடம் பார்த்தேன். எங்கள் புளோக்கும் பன்னிரண்டு மாடிதான்.

அக்டோபர் 16
அம்மாவின் இடது கையில், டயாலிசிஸுக்காக அறுவை செய்த ரத்தக்குழாய்மேல் விரல் வைத்துப் பார்த்தேன். இரைகிறது.

அக்டோபர் 17, வியாழன்
படத்தில் சான் சான் என்றொரு பெண். தாய் செத்துப்போய்விட்டாள், திட்டு மட்டும் நிற்கவில்லை. இயர்போன் மாட்டியிருந்தும் சத்தத்தைக் குறைத்தேன். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்குக் கேட்டுவிடுமாம். பைத்தியம்.

அக்டோபர் 20, ஞாயிறு
தண்ணீர். எங்கிருந்துதான் குடிக்கிறாள்? போத்தலில் அளந்துதான் வைக்கிறேன். கஞ்சியில், ரசத்தில் இருப்பதையும் கழித்துக்கொள்கிறேன். ஐஸ் கட்டி எண்ணி ஆறு. மூன்று மணிக்குக் குளியலறைக் குழாய் ஒரு நொடி திறந்து மூடியது. போய்ப் பார்த்தால் குவளையின் அடியில் ஈரம். பல் தேய்த்தாளாம். பல்செட் மேசைமேல் கிண்ணத்தில் கிடக்கிறது! கத்திவிட்டேன். அவள் வாசல் கதவைத் திறந்து எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக்கிடம் மலாயில் முறையிட்டாள்: பெற்ற மகள் தண்ணீர்கூடத் தர மாட்டேன் என்கிறாள்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் டயாலிசிஸ் இல்லாமல் வருகிற இந்த இரண்டு நாள்தான் எமன்.

அக்டோபர் 21
பெர்த்திலிருந்து அண்ணன்: ‘அம்மாவ கொஞ்சம் பொறுமையா பாத்துக்கம்மா.’ கூடவே ஒரு கும்பிடு எமோஜி.

அக்டோபர் 24, வியாழன்
படம் முடிந்தது. நடிகர் ஜாக் நியோ வரும் வீட்டைப் பார்த்து எல்லாரும் சிரித்திருப்பார்கள், எனக்கு ஒட்டவில்லை. மெங்தான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறான். அப்பா அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் தங்கைக்கும் தம்பிக்கும் காவல் நிற்கும் அண்ணன். அவனுக்கு அக்கறைதான். அதுதான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் குவளையை ஒளித்துவைத்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு
லிப்டில் மக்சிக். நேற்றிரவு கத்தியது அம்மாவா நீயா, எங்கள் பக்கம் ஒரே குரலாகக் கேட்கிறது என்றார். சிரித்துவைத்தேன். ஒன்பதாம் மாடிவரை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி
டயாலிசிஸுக்கு லீவு கிடையாது. ஐந்து மணிக்கே அம்மாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன், இடது கையில் மட்டும் எண்ணெய் படாமல். ஒரே ஒரு முறுக்கு கேட்டாள். கொடுத்தேன். உப்பை நக்கிவிட்டு மீதியைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனாள். காலையிலிருந்து ஒரு திட்டுகூட இல்லை. திரும்பும்போது சிராங்கூன் சாலை விளக்கைக் காட்டலாம் என்று டாக்சியைச் சுற்றிப் போகச் சொன்னேன். பட்டப்பகலில் விளக்கு ஏது? மறந்தே போய்விட்டது.

நவம்பர் 1
இரைச்சல் லேசாக இருக்கிறது. மற்ற நாள்களில் விரலுக்கு அடியில் பூனை உறுமுகிற மாதிரி ஓடும். குழாய் அடைத்துக்கொண்டால் நின்றுவிடும் என்று கையில் அறுவை செய்த அன்றே சொல்லியிருந்தார்கள். என் விரல்தான் சில்லிட்டிருக்கிறதோ? வெந்நீரில் நனைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இருக்கிறது. இல்லை. இருக்கிறது.

‘தூங்கவும் விட மாட்டியாடி?’ என்கிறாள். மணி 2.10.