"3.6-உம் அதற்கு மேலும்" என்று எழுதாதீர்கள்: ஒரு சர்வர் மாற்றத்தில் பட்டது

எங்கள் அலுவலகத்தின் ரசீதுச் செயலி ஒருவழியாகப் புதிய சர்வருக்கு வந்துவிட்டது. உபுண்டு 18.04 (இயங்குதளம்), பைத்தான் 3.6 (நிரல்மொழி), ஜாங்கோ 3.2 (பைத்தானில் வலைச் செயலி கட்டும் சட்டகம்), போஸ்ட்கிரஸ் 10 (தரவுத்தளம்) என்று இருந்ததை உபுண்டு 24.04, பைத்தான் 3.12, ஜாங்கோ 5.2, போஸ்ட்கிரஸ் 16 என்று மாற்றியிருக்கிறோம். பழைய நான்குக்கும் வழக்கமான ஆதரவுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பைத்தான் 3.6-க்கு 2021 டிசம்பரிலேயே முடிந்தது.

வேலை முடிந்த நிம்மதி இருக்கிறது. ஆனால் இதில் நிரல் எழுதப் போன நேரம் கொஞ்சம்தான். எதோடு எது ஓடும் என்று ஆவணங்களைத் துருவியதில்தான் பெரும்பகுதி போனது. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இதே வேலை காத்திருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நன்றாகப் போன பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த ஜாங்கோவுக்கு எந்தப் பைத்தான் என்று ஜாங்கோ ஆவணத்தில் ஓர் அட்டவணை உண்டு. 3.2-க்கு பைத்தான் 3.6 முதல் 3.10 வரை, 4.2-க்கு 3.8 முதல் 3.12 வரை, 5.2-க்கு 3.10-இல் தொடங்கி. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். பைத்தான் 3.10 ஆதரவு ஜாங்கோ 3.2.9-இல்தான் சேர்ந்தது, 3.12 ஆதரவு 4.2.8-இல்தான் சேர்ந்தது என்பதுகூட அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. மூன்று ஜாங்கோவுக்கும் பொதுவாக இருப்பது பைத்தான் 3.10. அதனால் முதலில் செயலியை அப்படியே 3.10-க்குக் கொண்டுபோனோம், அதில் நின்றுகொண்டே ஜாங்கோ 4.2, அப்புறம் 5.2, கடைசியில் பைத்தான் 3.12. தரவுத்தளத்தை டம்ப் எடுத்து (முழு நகலாகக் கோப்பில் எடுத்து) புதியதில் ஏற்றினோம், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் ரசீதைப் பிடிஎஃப் ஆக்கித் தரும் லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பில்) தொடங்கியது. அதன் ஆவணத்தில் பதிப்பைப் பற்றி இருந்தது ஒரே வரி: "பைத்தான் 3.6-உம் அதற்கு மேலும்." பைத்தான் 3.10-இல், லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் வைத்து நிறுவினால் முணுமுணுக்காமல் நிறுவிக்கொண்டது. செயலியை ஓட்டினால், கலெக்‌ஷன்ஸ் என்ற தொகுதியிலிருந்து மேப்பிங் என்பதை எடுக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது.

காரணம் பழையது. அந்தப் பெயர்கள் பைத்தான் 3.3-லேயே கலெக்‌ஷன்ஸ்.ஏபிசி என்ற உள்தொகுதிக்குப் போய்விட்டன. பழைய இடத்தில் இருந்த பெயர்களை 3.10-இல் எடுத்தேவிட்டார்கள். 3.10 வெளிவந்தது 2021 அக்டோபரில். நாங்கள் வைத்திருந்த லைப்ரரிப் பதிப்பு அதற்கு முன்பே வந்தது. "அதற்கு மேலும்" என்று எழுதியபோது அந்த வரியை எழுதியவர் 3.10-ஐக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. எழுதிய அன்று 3.9 வரைக்கும் அது உண்மை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பைத்தானுக்கும் யாரும் சோதிக்காமலே அந்த வரி உறுதி கொடுத்துக்கொண்டிருந்தது.

பிப் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். லைப்ரரியோடு வரும் விவரத்தில் பைத்தான் தேவை "3.6 அல்லது அதற்கு மேல்" என்று இருந்தால் பிப் அதை மட்டும்தான் பார்க்கும். 3.6, 3.7, 3.8 என்று தனித்தனியாக ஒட்டப்பட்டிருக்கும் வகைக்குறிகளைப் பிப் கண்டுகொள்ளாது, அவை மனிதர்கள் படிப்பதற்கு. ஆகவே பிப் நிறுவிவிட்டது என்பதை வைத்து எதையும் நம்ப வேண்டாம்.

சரி, லைப்ரரியின் புதிய பதிப்புக்குப் போகலாம் என்று மாற்றக் குறிப்பைத் திறந்தேன். "பழைய பைத்தான் பதிப்புகளுக்கான ஆதரவு நீக்கப்பட்டது" என்று இருந்தது. எந்தப் பழைய பதிப்புகள்? எங்கும் இல்லை. கடைசியில் அந்தத் திட்டத்தின் தானியங்கிச் சோதனைக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 3.8 முதல் 3.11 வரை ஒவ்வொன்றிலும் சோதனை ஓடுவது அதில் பளிச்சென்று தெரிந்தது. ஆவணம் மழுப்பினால் நேராக இந்தக் கோப்புக்குப் போங்கள். உண்மையில் எதில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்பது அங்கே ஒளியாது.

3.12 அந்தப் பட்டியலில் இல்லை என்பதன் பொருள் சர்வரில் புரிந்தது. என் மடிக்கணினியில் 3.12-இல் எல்லாம் ஓடியது, சர்வரில் டிஸ்ட்யூட்டில்ஸ் (பொதிகளைக் கட்டி நிறுவ பைத்தானோடே வந்த பழைய தொகுதி) இல்லை என்று விழுந்தது. டிஸ்ட்யூட்டில்ஸை 3.12-இல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அதே வேலைக்கான செட்டப்டூல்ஸ் என்ற பொதி தன்னிடம் ஒரு நகல் வைத்திருக்கிறது, அது நிறுவப்பட்டிருந்தால் பழைய நிரல் பிழைத்துக்கொள்ளும். 3.12 முதல் புதிதாக உருவாக்கும் மெய்நிகர் சூழலில் (ஒரு செயலிக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் அமைப்பில்) செட்டப்டூல்ஸ் தானாக வருவதில்லை. மடிக்கணினியில் வேறு ஏதோ ஒரு பொதியோடு அது வந்து உட்கார்ந்திருந்தது. இப்படி இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

லைப்ரரியாவது திறந்த மூலம், உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. எங்கள் தரவுத்தளத்திலிருந்து கணக்கு அறிக்கை எடுக்க ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய கருவி இருக்கிறது. அதன் கையேட்டில் "போஸ்ட்கிரஸ் 9 முதல்" என்று ஒரு வரி. போஸ்ட்கிரஸ் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததுமே உறுத்தும். 10-க்கு முன்பு 9.5, 9.6 என்று புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணும் சேர்ந்துதான் பெரிய பதிப்பு. 9.0 வந்தது 2010-இல், 9.6 வந்தது 2016-இல். எந்த 9?

உதவி மையத்துக்கு எழுதினேன். எங்கள் தயாரிப்பு அண்மைப் பதிப்புகள் அனைத்தையும் ஆதரிக்கிறது என்று பதில் வந்தது. 16 என்ற எண்ணைக் குறிப்பிட்டு, அதில் சோதித்தீர்களா என்று திரும்பக் கேட்டேன். டிக்கெட்டை மூடிவிட்டார்கள். தொலைபேசியில் பிடித்தால், "சார், எல்லா லேட்டஸ்ட் வெர்ஷனையும் சப்போர்ட் பண்ணும் சார்" என்ற அதே வாக்கியம். அந்தப் பையனைக் குறை சொல்லமாட்டேன், அவர் கையில் இருந்த கையேட்டிலும் அதே ஒரு வரிதானே இருக்கிறது.

மாற்றிய அன்று கருவி இணையவில்லை. பிழைச் செய்தி: ஸ்கிராம் முறைக்கு லிப்பிக்யூ 10 அல்லது அதற்கு மேல் தேவை. ஸ்கிராம் என்பது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை, லிப்பிக்யூ என்பது போஸ்ட்கிரஸோடு இணைய உதவும் லைப்ரரி. போஸ்ட்கிரஸ் 14 முதல் கடவுச்சொல்லை ஸ்கிராம் முறையில் சேமிப்பதுதான் இயல்பு அமைப்பு. கருவிக்குள் பொதிந்து வந்த லிப்பிக்யூ 10-க்கும் முந்தையது, அதற்கு ஸ்கிராம் தெரியாது. மாதக் கடைசி, கணக்குப் பிரிவில் அறிக்கைக்காக உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கருவிக்கென்று படிக்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை மட்டும் ஸ்கிராமைவிடப் பாதுகாப்புக் குறைந்த பழைய எம்டி5 முறையில் வைத்து, அந்த ஒரு கணினியின் முகவரியிலிருந்து மட்டும் அனுமதித்தேன். இது நிரந்தர வழி இல்லை. எல்லாப் பயனர்களுக்கும் எம்டி5-க்குத் திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பிறகு வேறொரு பொறியாளர் கூப்பிட்டு, "நாங்க 12 வரைக்கும்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம் சார்" என்று நேராகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் கையேட்டில் இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. 12 வரை என்று சொல்வதில் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? அது தெரிந்திருந்தால் நான் மாற்றும் தேதியைத் தள்ளியிருப்பேன், அல்லது அவர்களிடம் முன்கூட்டியே புதிய பில்ட் கேட்டிருப்பேன்.

மேல் எல்லை எழுதாமல் விடுவது கவனமான திட்டங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஜாங்கோ 2.2-இன் ஆவணம், பைத்தானைப் போஸ்ட்கிரஸோடு இணைக்கும் சைகோபிஜி2 லைப்ரரிக்கு 2.5.4-உம் அதற்கு மேலும் என்றுதான் சொன்னது. 2021-இல் சைகோபிஜி2 2.9 வந்ததும், தரவுத்தள இணைப்பு யூடிசி நேரத்தில் இல்லை என்று பழைய ஜாங்கோ செயலிகள் விழுந்தன. பிறகு ஆவணத்தில் 2.5.4 முதல் 2.8.6 வரை என்று திருத்தினார்கள். அப்படித் திருத்துவதுதான் படிக்கிறவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பிடிஎஃப் லைப்ரரிக்கு நானும் ஒரு திருத்தம் அனுப்பினேன். டிஸ்ட்யூட்டில்ஸ் வரியை மாற்றியதோடு, சோதனைப் பட்டியலில் 3.12-ஐச் சேர்த்து, ஆவணத்தின் ஒற்றை வரியை நான்காக்கினேன். இந்த வெளியீடு பைத்தான் 3.8, 3.9, 3.10, 3.11, 3.12 ஆகியவற்றில் சோதிக்கப்பட்டது. 3.7-உம் அதற்கு முந்தியவையும் ஓடாது. 3.12-க்குப் பிந்தியவை ஓடக்கூடும், ஆனால் சோதிக்கவில்லை. பிழை வந்தால் இந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் திருத்தம் வரும். பராமரிப்பாளர் ஒரு கேள்வி கேட்டார்: மேல் எல்லையை ஏன் நிறுவும் விவரத்திலும் போட்டுத் தடுத்துவிடக் கூடாது? வேண்டாம் என்றேன். அங்கே தடுத்தால், பிப் அந்த எல்லை இல்லாத பழைய வெளியீட்டைத் தேடிப் பின்னால் போய் அதை நிறுவிவிடும், நிலைமை இன்னும் மோசமாகும். எல்லை ஆவணத்தில் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இன்னொன்றும் கேட்கிறேன், ஆவணம் எழுதுகிறவர்கள் "தற்போது", "அண்மை", "பழைய" என்ற சொற்களைப் பதிப்புகளைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து தவிருங்கள். அந்தப் பக்கத்தை எந்த ஆண்டில் யார் திறப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆதரவு எப்போது முடியும் என்பதற்கும் தேதி போடுங்கள். முதல் வெளியீட்டிலிருந்து 5 ஆண்டு என்று போஸ்ட்கிரஸ் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பதிப்புக்கும் கடைசித் தேதியையும் அட்டவணையில் போடுகிறது. அதனால்தான் எங்களால் அடுத்த மாற்றத்தை இப்போதே திட்டமிட முடிகிறது: ஜாங்கோ 5.2-க்கு 2028 ஏப்ரல், பைத்தான் 3.12-க்கு 2028 அக்டோபர், போஸ்ட்கிரஸ் 16-க்கு 2028 நவம்பர்.

மாற்றத்துக்குக் கிளம்புகிறவர்கள் பழைய சர்வரிலேயே ஒரு வேலை செய்துவிடுங்கள். சோதனைகளை ஓட்டும்போது கைவிடல் எச்சரிக்கைகளை (இது பின்னர் நீக்கப்படும் என்று பைத்தான் சொல்பவை) பிழையாக நடத்தச் சொல்லிப் பைத்தானுக்குக் கட்டளை கொடுக்கலாம். கலெக்‌ஷன்ஸ் விஷயத்துக்கு 3.7 முதல்தான் எச்சரிக்கை வருகிறது, அதனால் எங்களைப்போல 3.6-இல் இருந்தால் 3.7-இலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த லைப்ரரி எங்கே விழும் என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அறிக்கைக் கருவி நிறுவனத்தின் கையேட்டில் "போஸ்ட்கிரஸ் 9 முதல்" என்ற வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சோதித்த பதிப்புகளின் பட்டியலையும் புதிய லிப்பிக்யூவோடு ஒரு பில்டையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பில்ட் வந்த அன்றே அந்த எம்டி5 பயனரை நீக்கிவிடுவேன்.