ஒரு பக்கம் 39, மறுபக்கம் 27
இரண்டு நாளாக எங்கள் கெக்கோப் பல்லி கூண்டின் இடது மூலையை விட்டு நகரவில்லை. வெப்பமானியை எடுத்துத் தரையை அளந்தேன். கண்ணாடித் தரைக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஹீட் டேப்பின் (சூடு தரும் பட்டை) ஒரு முனைக்கு மேல் 39 டிகிரி, மறுமுனையில் 27. சிறுத்தைக் கெக்கோவுக்கு வேண்டியது சுமார் 32.

டேப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்த டேப்பில் ஓரங்களில் இரண்டு உலோகப் பட்டைகள், நடுவே கார்பன் கோடுகள்; கோடுகள் எல்லாம் பக்க இணைப்பில் இருக்கும். மடிந்து பட்டை அறுந்திருந்தால் அந்த இடத்துக்கு அப்பால் சூடே இருக்காது. இங்கே அப்படி இல்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூண்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், டேப்பின் வலது பாதி கண்ணாடியிலிருந்து ஒரு விரல் அளவு தொங்கிக்கொண்டிருந்தது! சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சாரை நான் வைத்திருந்ததும் அதே பக்கம். அது குளிர்ந்த கண்ணாடியைப் பார்த்து "போதாது, போதாது" என்று மின்சாரம் கேட்க, ஒட்டியிருந்த பாதி கொதித்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைத் திட்டியதற்கு மன்னிப்பு.

சுருக்கமில்லாமல் திரும்ப ஒட்டி, சென்சாரைச் சூடான பகுதியின் நடுவில் வைத்தேன். அப்புறம் இணைப்புக் கிளிப்பையும் பார்த்தேன், பழுப்பேறவில்லை. ஏறியிருந்தால் டேப்பைத் தூக்கிப்போட்டிருப்பேன், அதில் கஞ்சத்தனம் கூடாது.

இப்போது இரு முனையிலும் 31, 32. கெக்கோ துரை இன்னும் இடது மூலையில்தான் படுத்திருக்கிறார்.