நூல் பிடித்துப் பார்த்த தூரம்

ஜனவரி 4

பொங்கலுக்கு மகள் வருகிறாள். சான்பிரான்சிஸ்கோவில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, கோயமுத்தூர். "எத்தனை கிலோமீட்டர் கண்ணு?" என்றால், "34 மணி நேரம்ங்ப்பா" என்கிறாள். லாரி ஓட்டி வயசானவனிடம் சொல்லும் பதிலா இது?

பரணில் கிடந்த அவளுடைய பள்ளிக்கூடத்து உலக உருண்டையை இறக்கித் துடைத்தேன். மூட்டை தைக்கிற நூலை நடுக்கோட்டில் சுற்றிப் பிடித்தால் 96 செ.மீ. பூமியின் நடுச்சுற்று 40,075 கி.மீ. அப்படியென்றால் செ.மீ.க்கு 417.

கோயமுத்தூரில் ஒரு விரல், சான்பிரான்சிஸ்கோவில் ஒரு விரல். தொய்வில்லாமல் இழுத்தால் நூல் பசிபிக் கடலின் நடுவே போகவில்லை. திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, அலாஸ்காவில் இறங்குகிறது. "காலண்டர் மேப்புல அமெரிக்கா அந்தக் கடைசீல இருக்குதுங்களே" என்றாள் வீட்டம்மா. தட்டையாக விரித்த மேப் அப்படித்தான் ஏய்க்கும். 34 செ.மீ. வந்தது, 14,200 கி.மீ. சங்ககிரி–டெல்லி மூணு நடை போய்வருகிற தூரம்! நூலை அந்த அளவில் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 8

பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு சேதி சொன்னான். 2021 ஜனவரியில் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஏர் இந்தியா விமானத்தை சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார்களாம். எங்கும் நிற்காமல் சுமார் 17 மணி நேரம், 16,000 கி.மீ. வாக்கில். பெங்களூருக்கு நூல் கணக்கு 14,000தானே! மேலே மேற்கிலிருந்து கிழக்கே காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. அதை எதிர்த்து எரிபொருளை எரிப்பதைவிடச் சுத்திப் போவது லாபம். கணவாயில் லோடோடு முக்குவதைவிட, பத்து மைல் சுத்தினாலும் சமரோட்டில் போவோமே, அந்த மாதிரி.

ஜனவரி 11

காலை பதினொன்றரைக்கு ஏறிவிட்டாள். அங்கே இன்னும் 10-ந்தேதி ராத்திரி பத்து.

ஜனவரி 12, இரவு

சங்ககிரியிலிருந்து விமான நிலையம் இரண்டேகால் மணி நேரம். ஒன்பதரைக்கு இறங்கினாள்; பெட்டி வர இன்னும் முக்கால் மணி. வானத்தில் இருபத்தொன்றரை மணி, சிங்கப்பூரில் நாற்காலியில் பன்னிரண்டரை. செக்போஸ்ட்டில் காத்துக் கிடந்த ராத்திரிகள் ஞாபகம் வந்தன. ஓட்டினதைவிட நின்றதுதான் உடம்பைத் தின்னும்.

"பதினொண்ணாந்தேதி எங்க கண்ணு போச்சு?"

"சாப்பிட்டுத் தூங்கினேன்ங்ப்பா. முழிச்சா பன்னெண்டு."

கடல் நடுவே தேதி மாறுகிற தேதிக்கோடு, தாண்டும்போது அந்த ஒரு நாளை விழுங்கியிருக்கிறது. விஜயமங்கலம் டோல்கேட் தாண்டுமுன்னே தலை சாய்ந்துவிட்டது.

ஜனவரி 13, விடிகாலை 3

சமையல்கட்டில் வெளிச்சம். பழைய சோறும் சின்ன வெங்காயமுமாய் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உடம்புக்கு இப்போது பகல் ஒன்றரை. எனக்கு ராத்திரி முழித்தே பழக்கம். உருண்டையை எடுத்து வந்தேன். நான் வெட்டிய நூலை வாங்கி, வந்த வழியாகவே சிங்கப்பூரைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். நுனி சுமத்ராத் தீவிலேயே நின்றுவிட்டது.

"பத்தலைங்ப்பா. இன்னும் ஆறு செ.மீ. வேணும்."

நூற்கண்டு எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.